பதிவேட்டில் இல்லாத ஆறு நிமிடம்

நாரின், 9 பிப்ரவரி 2003

அன்புள்ள தங்கை சைராவுக்கு,

இங்கே கனிஷாய் நலம். முட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால் நானும் நலம். மாடு சினையாக இருக்கிறது. கரகண்டாவில் குளிர் விட்டதா? உன் தொண்டை எப்படி இருக்கிறது? பள்ளியில் கத்தாதே.

ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. மறுபடியும் ரேடியோ.

போன வாரம் சந்தையில் ஒரு பழைய ராணுவ ரிசீவரைப் பார்த்தேன். விற்றவன் பணம் வேண்டாம், ஆடு வேண்டும் என்றான். கொடுத்தேன். கனிஷாய் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"ஆடு எங்க?"

"இதுதான்."

"இது குட்டி போடுமா?"

"காத வச்சுக் கேளு."

"ஒரே இரைச்சலா இருக்கு."

"இரைச்சல் இல்ல. ஜப்பான்."

"ஜப்பானுக்கு ஆட்டக் குடுத்துட்டு வந்து நிக்கிறாரு" என்று மூன்று நாளாகத் தெருவெல்லாம் சொல்கிறாள்.

கேட்பதற்கு லைசென்ஸ் தேவையில்லை. பேசத் தேவை. பிஷ்கெக்கிலிருந்து படிவம் வரவழைத்தேன். பதினோராவது கேள்வி: முன்பு எப்போதாவது லைசென்ஸ் ரத்தானதா, ஏன்? கீழே உள்ளபடி எழுதியிருக்கிறேன். நீ டீச்சர், பிழை பார்த்துக் கொடு.

"1976 ஜூனில், நான் சோங் கோல் ஏரிக்கரை மேய்ச்சலில் இருந்த வாரத்தில், என் வீட்டு ரேடியோவில் யாரோ லைசென்ஸில் எனக்குத் தந்த அழைப்புக் குறியைப் போட்டுத் தென்னாப்பிரிக்காவில் ஒருவரோடு மோர்ஸில் பேசியிருக்கிறார்கள். அந்த நாட்டோடு பேசுவது அப்போது தடை செய்யப்பட்டிருந்தது. எதிர்முனைக்காரர் வழக்கப்படி, பேசியதை உறுதி செய்யும் அட்டை அனுப்பினார். அது மாஸ்கோ வழியாக வந்து அதிகாரிகள் கையில் சிக்கியது. லைசென்ஸ் ரத்தானது. நிலவியல் ஆய்வுக் குழுவின் வானொலி அறையில் இருந்த என் வேலையும் போனது. அடுத்த இருபத்தைந்து குளிர்காலம் கொதிகலன் அறையில் நிலக்கரி அள்ளினேன். பேசியது நான் அல்ல, யாரோ."

இதற்கு ஒரு சாட்சி வேண்டும். அந்த வாரம் வீட்டில் இருந்தது அம்மாவும் நீயும். அம்மா இப்போது இல்லை. நான் ஊரில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஒமுர் அந்த வாரம் வந்தானா என்பதையும் எழுது. வீட்டுச் சாவி ஒன்று அவனிடம் இருந்தது. வானொலி அறையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். அந்த வீட்டில் நுழையக்கூடியவர்களில் மோர்ஸ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். உனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது.

இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். இருபத்தேழு வருஷமாகப் பேச்சில்லை.

உன் அண்ணன்
ஷர்ஷென்

•

கரகண்டா, 2 மார்ச் 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். தொண்டை தேவலை. அண்ணியின் கை வெடிப்புக்குக் களிம்பு வைத்திருக்கிறேன். உன் முட்டிக்குக் கம்பளி உறை. இரண்டையும் இங்கிருந்து பஸ்ஸில் வருகிற ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். ஹெட்போனுக்குப் பஞ்சு உறையும் இருக்கிறது. பழசு காதை அறுக்கும்.

நீ மறுபடி ரேடியோவிடம் போனதில் எனக்கு

சந்தோஷம். பேனா நின்றுவிட்டது.

பிழை பார்த்தேன். இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய். "யாரோ" என்று இரண்டு தடவை வருகிறது. ஒன்று போதும்.

ஆனால் அண்ணா, அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று எழுதினால் என்ன? நாடே மாறிவிட்டது. அந்தக் கோப்பு எந்தக் கிடங்கில் மக்கிக்கொண்டிருக்கிறதோ. புது மனிதனாக விண்ணப்பம் போடு. பழையதைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

சாட்சிக் கடிதம் பிறகு எழுதுகிறேன். இப்போது பரீட்சைத் தாள்.

அன்புத் தங்கை
சைரா

•

நாரின், 23 மார்ச் 2003

அன்புள்ள சைராவுக்கு,

நலம். நூருஸ் புத்தாண்டுக் கஞ்சியை இந்த வருஷம் நான்தான் கிளறினேன். அடி பிடித்துவிட்டது. "கரி அள்ளின கை, கஞ்சியிலயும் கரி வருது" என்றாள் உன் அண்ணி. உறை வந்தது. முட்டி உன்னை வாழ்த்துகிறது.

"இல்லை" என்று எழுத மாட்டேன். ரேடியோப் பதிவேட்டில் நடக்காததை எழுதக் கூடாது. நடந்ததை விடவும் கூடாது. அதை விட்டால் இந்த விளையாட்டில் மிச்சம் எதுவும் இல்லை. வெறும் கம்பியும் இரைச்சலும்தான்.

பிஷ்கெக் போய் அலுவலகத்திலேயே கேட்டேன். ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"தாத்தா, நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்த கதை. தெரியாதுன்னு எழுதிடுங்க."

"தெரியுமே."

"அப்ப நான்தான் பேசினேன்னு எழுதுங்க. இப்ப அது ஒரு குத்தமே இல்ல. ஒரே வாரத்துல லைசென்ஸ் வந்துடும்."

"நான் பேசலையே."

"அப்ப யாரு பேசினாங்கன்னு ஒரு தாள் கொண்டாங்க." பேனாவை மூடினாள். பிறகு, "கோச்சுக்காதீங்க தாத்தா. நீங்க எழுதினத அப்படியே எடுத்துட்டுப் போனா மேல உள்ளவரு கேக்கப்போறதும் இதத்தான்."

நான்தான் என்று எழுதினால் ஒரு வாரம். வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். ஒரு பொய். யாருக்கும் நஷ்டமில்லை. மலையேற்றத்தில் பஸ் இரண்டு தடவை நின்றது. வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன். நேற்று ஒருவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். யாரும் பதில் தரவில்லை. எனக்குக் கேட்கிறது, வாயில்லை. அது ஒரு மாதிரி இருக்கிறது, சைரா.

உன் தாளுக்குக் காத்திருக்கிறேன்.

அண்ணன்

•

கரகண்டா, 29 மே 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். காய்ச்சல், பிறகு பரீட்சை, பிறகு மறுபடி காய்ச்சல். கன்று பிறந்ததா? என்ன நிறம்? அண்ணி எப்படி இருக்கிறாள்?

இங்கே சொல்லும்படி ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பில் அலைகள் பாடம். கடைசி பெஞ்சில் இரண்டு பெண்கள் ரேடியோ கிளப்பில் சேர்ந்திருக்கிறார்கள். வகுப்பில் பென்சிலால் தட்டித் தட்டிப் பேசிக்கொள்கிறார்கள்.

"என்னடி தட்டுறே?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

ஒன்றுமில்லாமல் இல்லை. என் மூக்கைப் பற்றி.

நீ கேட்டது. அந்த வாரம் நீ மேய்ச்சலில் இருந்தாய். அது நினைவிருக்கிறது. ஒமுர் வந்தாரா என்பது நினைவில்லை. எனக்குப் பதினெட்டு வயது. கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இதைச் சாட்சிக் கடிதமாக எழுதினால் உனக்கு உதவுமா என்று தெரியவில்லை. அதனால் எழுதவில்லை.

ஒன்று கேட்கிறேன். லைசென்ஸ்தான் வேண்டுமா, அல்லது அது யார் என்று தெரிய வேண்டுமா?

தங்கை
சைரா

•

நாரின், 15 ஜூன் 2003

அன்புள்ள சைராவுக்கு,

காய்ச்சல் என்றால் முதலில் அதை எழுத வேண்டாமா? ஆட்டுக் கொழுப்பு போட்டுப் பால் குடி. கன்று கறுப்பு, நெற்றியில் வெள்ளை. பெண்.

இரண்டும் வேண்டும். ஆனால் நீ கேட்ட பிறகு தெரிந்தது, இரண்டாவதுதான் முதலில்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். விசாரணையில் அந்த அட்டையை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்கள். அதிலிருந்த அழைப்புக் குறி எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அந்த அலுவலகப் பெண்ணிடம் சொன்னேன். கம்ப்யூட்டரில் தேடினாள்.

"தாத்தா, ஆளு உசுரோட இருக்காரு. கிம்பர்லின்னு ஒரு ஊரு. பேரு கிடியோன். எம்பத்தோரு வயசு."

"விலாசம்?"

"இருக்கு. எழுதிக்கோங்க. எனக்கே ஆர்வமா இருக்கு இப்ப."

அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினேன். ஐயா, உங்கள் பழைய பதிவேடு இருக்கிறதா? 1976 ஜூன். அந்த வரியை அப்படியே படியெடுத்து அனுப்ப முடியுமா?

இந்தக் கிறுக்கு உள்ளவன் எவனும் பதிவேட்டைத் தூக்கிப் போட மாட்டான். மனைவியின் பட்டுத்துணியைப் போடுவான்.

அண்ணன்

•

கரகண்டா, 27 ஜூன் 2003

அண்ணா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. மதியமே எழுதுகிறேன்.

எண்பத்தோரு வயதுக் கிழவரை எதற்குத் தொந்தரவு செய்கிறாய்? அவருக்கு என்ன நினைவிருக்கும்? பதிவேட்டில் என்ன இருக்கும், தேதி, நேரம், உன் அழைப்புக் குறி. அதுதான் அட்டையிலேயே இருந்ததே. அதிலிருந்து யார் என்று எப்படித் தெரியும்? வீண் ஆசை.

"நான்தான்" என்று எழுதிக் கொடுத்துவிடு அண்ணா. அந்தப் பெண் சொன்னதுதான் சரி. ஒரு வாரத்தில் முடிந்துவிடும். நீ மறுபடி பேசலாம். எத்தனை வருஷம் வீணாகிவிட்டது. இன்னும் எதற்கு?

அந்த மனிதரிடமிருந்து பதில் வந்தால் உடனே எழுது.

சைரா

•

நாரின், 24 ஆகஸ்ட் 2003

சைராவுக்கு,

பதில் வந்தது. வந்து பத்து நாளாகிறது.

பதிவேடு இருக்கிறது. வரியை அழகாகப் படியெடுத்து அனுப்பியிருக்கிறார். தேதி, நேரம், அலைவரிசை, எங்கள் அழைப்புக் குறி. ஆறு நிமிடம் பேசியிருக்கிறார்கள். மோர்ஸ் தட்டிய விதம் பற்றிய குறிப்பில் "நல்ல கை, அவசரம்." அட்டையில் எழுத இடமில்லாத ஒன்றையும் அவர் பதிவேட்டில் எழுதிவைப்பாராம். கடைசிக் கட்டத்தில், எதிர்முனையில் இருந்தவர் சொன்ன பெயர்.

அந்தத் தாளை அலுவலகத்துக்கு அனுப்பவில்லை.

மறுநாள் காலை ஒமுர் வீட்டுக்குப் போனேன். அவனே கதவைத் திறந்தான்.

"யாரு செத்தாங்க?"

"யாருமில்ல."

"அப்ப எதுக்கு வந்தே?"

"அது நீ இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

கதவைப் பிடித்தபடி நின்றான். "எனக்கு இருபத்தேழு வருஷமாவே தெரியும்டா" என்றான்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அவன்தான், "பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா. இப்பத்தான் தரையத் தொடச்சா, என்னைக் கொன்னுடுவா" என்றான்.

தேநீர் ஊற்றினான். கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் ஊற்றினான், மறுபடி மறுபடி ஊற்றுவதற்கு வசதியாக. விருந்தாளியை எழுந்து போகச் சொல்லவில்லை என்று அர்த்தம். அவன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவன் அப்பாவைப் புதைத்தபோது போகவில்லை. சாலையில் எதிரே வந்தால் நான்தான் மறுபக்கம் போவேன். அவன் ஒரு தடவையும் போனதில்லை. இதெல்லாம் அந்த மேஜையில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

"அப்ப யாரு?" என்று கேட்டான்.

"தெரியல."

என்னையே பார்த்தான். "ஒரு பொய்யக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு விசாரணைல என்ன பண்ணினே நீ?"

உன் மே மாதக் கடிதத்தை மறுபடி படித்தேன். அந்த இரண்டு பெண்கள், பென்சில், உன் மூக்கு. நன்றாக எழுதியிருக்கிறாய்.

இனி உன்னிடம் கேட்க எதுவும் இல்லை.

ஷர்ஷென்

•

கரகண்டா, 14 செப்டம்பர் 2003

அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

இதை ஐந்து தடவை எழுதினேன். இது ஆறாவது. இதில் காரணங்கள் குறைவு.

நீ வேலைக்குப் போன பிறகு உன் பழைய மோர்ஸ் கீயை, கம்பி இணைக்காமல், தட்டிப் பார்ப்பேன். நீ எனக்குக் கற்றுத்தரவில்லை. உன் அறைக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். எட்டு வருஷம் அதன் வழியாகக் கேட்டேன். நான் தூங்கிவிட்டேன் என்று நீ நினைத்தாய். உன் அட்டைகளுக்கு விலாசம் எழுதுகிற பெண், அவ்வளவுதான் நான் உனக்கு.

அன்று மாலை ஆறு மணி. அம்மா பால் கறக்கப் போயிருந்தாள். ரேடியோவைச் சும்மா போட்டேன். ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மெல்லிய சத்தம். யாரும் பதில் தரவில்லை. மறுபடி கூப்பிட்டார். எந்த நாடு என்று தெரியாமல் செய்தேன் என்று ஐந்து தாளிலும் எழுதினேன். பொய். தடைப் பட்டியலை நீ மேஜைக்கு மேலே ஒட்டியிருந்தாய். நிமிர்ந்து அதைப் பார்த்தேன். பிறகு பதில் கொடுத்தேன்.

அவர் பெயர் கேட்டார். பெயர் கேட்டால் பெயர் சொல்ல வேண்டும், அது மரியாதை. சுவர் வழியாக நான் அப்படித்தான் கற்றிருந்தேன். உன் அழைப்புக் குறியைப் போட்டவளுக்கு உன் பெயரைப் போடத் தோன்றவில்லை. ஒரு பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அந்த ஆறு நிமிடம் இல்லை. முடிந்ததும் வந்தது. பதிவேட்டைத் திறந்தேன். எழுதாமல் மூடினேன்.

நவம்பரில், அப்போது ஃப்ரூன்ஸே என்றிருந்த பிஷ்கெக்கில் நான் கல்லூரி முதல் வருஷம் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். "உனக்கு மோர்ஸ் தெரியுமாம்மா?" என்றார் ஒருவர். நல்ல குரல். "தெரியாது" என்றேன். "ஒமுர் வீட்டுக்கு வந்தாரா?" வரவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். "தெரியல" என்றேன். அந்தச் சொல் போதுமாக இருந்தது, உன்னை அவரிடமிருந்து பிரிக்க. அதற்காகத்தான் சொன்னேனா? அப்போது தெரியாது. நீ வேறு ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்னைப் பார்க்க மாட்டாய்.

படிப்பு முடியட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பிறகு வேலை. பிறகு அம்மா இருக்கும்வரை வேண்டாம் என்று. பிறகு சொல்லாததே பெரிய குற்றமாகிவிட்டது.

அலுவலகத்துக்கு நேற்றே எழுதிவிட்டேன், பெயரோடு, கையெழுத்தோடு. நகல் இணைத்திருக்கிறேன். ஒமுருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். அவர் வீட்டு எண் தெரியாததால் உன் தெருவிலிருந்து இரண்டாவது தெரு என்று விலாசம் போட்டேன்.

பதில் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை.

சைரா

•

நாரின், 30 நவம்பர் 2003

சைராவுக்கு அண்ணி கனிஷாய் எழுதுவது,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் களிம்பு தீர்ந்துவிட்டது, நல்ல களிம்பு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரிசீவர் மேல் வைத்தார். என்ன என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் மாட்டுக்கு வைக்கோல் போடப் போனபோது எடுத்துப் படித்தேன். மறைப்பானேன்.

உன்னைத் திட்டத்தான் காகிதம் எடுத்தேன். அந்தக் கொதிகலன் அறையிலிருந்து வரும் ஒவ்வொரு சட்டையையும் துவைத்தவள் நான். தண்ணீர் மூன்றாவது தடவையும் கறுப்பாகத்தான் போகும். ஆனால் யோசித்துப் பார். அவர் வானொலி அறையில் கௌரவமாக உட்கார்ந்திருந்தால் உன் அம்மா படித்த பெண்ணாகத் தேடியிருப்பாள். கரி அள்ளுகிறவனுக்குத்தான் என்னைக் கேட்டு வந்தார்கள். உன்னை முழுசாகத் திட்டக்கூட எனக்கு வழியில்லாமல் செய்துவிட்டாய்.

அவர் உன் பேச்சை எடுப்பதில்லை. நான் எடுத்தால் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார். நேற்று, "சைராவுக்குக் கார்டாவது போடுங்க" என்றேன்.

"என்ன எழுத?"

"நலமான்னு."

"அது பொய்யாயிடும்."

"உங்க வீட்டுல பொய்ய எழுத ஒரு ஆளும் இல்ல, சொல்ல மட்டும் ஆளுண்டு" என்றேன். அதற்கும் ஹெட்போன்தான்.

ஒமுர் உன் கடிதத்தோடு வந்தார். என்ன எழுதியிருந்தாய் என்று தெரியாது. கூரைமேல் ஏறி ஆன்டெனா கட்டிவிட்டுப் போனார். கீழே நின்று இவரும் மேலே நின்று அவரும் ஒருவரை ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டதைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் சண்டை என்று ஓடி வந்துவிட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கனிஷாய்

•

நாரின், 15 பிப்ரவரி 2004

சைராவுக்கு,

உன் தொண்டை எப்படி இருக்கிறது? ஐந்து மாதம் கேட்காமல் இருந்துவிட்டேன். என் முட்டி அப்படியே இருக்கிறது.

லைசென்ஸ் ஜனவரியில் வந்தது. கூடவே ஒரு தாள், 1976 விவகாரத்தில் விண்ணப்பதாரர் மீது தவறில்லை என்று. இருபத்தேழு வருஷமாக நான் கேட்ட தாள். இரண்டு தடவை படித்தேன். மறுநாள் காலை எழுந்தேன். அதே கூரை, அதே கால். ஒரு தாளால் இவ்வளவுதான் முடியும்போல.

உனக்கு மூன்று தடவை எழுதினேன். முதலில் "பரவாயில்லை" என்று எழுதிக் கிழித்தேன். பரவாயில்லாமல் இல்லை. கரி, அது போகட்டும். ஒமுரின் அப்பாவைப் புதைத்த அன்று நான் வீட்டில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாளை உன்னாலும் தர முடியாது, என்னாலும் திரும்ப எடுக்க முடியாது. பிறகு "உன்னை மன்னிக்க மாட்டேன்" என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். அதுவும் நடக்காத ஒன்றைப் பதிவேட்டில் எழுதியதுபோல இருந்தது. மூன்றாவது தாளில் எதுவும் எழுதவில்லை, தேநீர் கொட்டிவிட்டது.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. எட்டு வருஷம் ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு நீ கற்றிருக்கிறாய். ஒரு தடவை வந்து "எனக்கும் தாண்ணா" என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? கொடுத்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. "போய்ப் படி" என்றிருப்பேன். இதை உனக்கு ஆறுதலாக எழுதவில்லை. நடந்தது இது, அதனால் எழுதுகிறேன்.

கிம்பர்லிக்காரர் உன் கையை நல்ல கை என்கிறார். ஆறு நிமிடம் கேட்டவர் அவர். நான் ஒரு நிமிடமும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, உன் மணிக்கு ஒன்பது, என் மணிக்கு எட்டு. நாற்பது மீட்டர் அலைவரிசை. பகலில் கரகண்டா இங்கே நன்றாகக் கேட்கும், பார்த்துவிட்டேன். அந்தப் பெண்கள் போகும் கிளப்பில் தேர்வு வைப்பார்கள். படி, எழுது, உன் பெயரில் உனக்கென்று ஒரு அழைப்புக் குறி வாங்கு. எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. நான் கூப்பிட மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

லைசென்ஸ் இல்லாமல் கூப்பிடாதே.

அண்ணன்